அரைவைப்பையும் அறமும்

உணவைப் பற்றிய அறவினாக்கள் பெரும்பாலும் இரண்டே சொற்களில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, உண்ணலாமா, மற்றொன்று, உண்ணலாகாதா. புலால் உண்பது தகுமா என்னும் வழக்கு நம் நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. வள்ளுவப் பெருந்தகை திருக்குறளின் 26-ஆம் அதிகாரத்தைப் புலால் மறுத்தலுக்கென்றே ஒதுக்கினார். அவ்வதிகாரம் இல்லறவியலில் இடம்பெறாது துறவறவியலில் இடம்பெற்றதை வைத்து இருதரப்பாரும் வழக்காடுவர். அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. அதற்கு அடுத்த படியில் நிற்கும் சிறு வினா ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். புலால் உண்பதென முடிவுசெய்துவிட்ட ஒருவன், தன்பொருட்டுக் கொல்லப்பட்ட உயிரின் உடலில் இன்னது உண்ணத்தக்கது, இன்னது எறியத்தக்கது என வகுக்கின்றான். அவ்வாறு வகுப்பதற்கு அறத்தின்பாற்பட்ட அடிப்படை ஏதேனும் உண்டா? எறியப்பட்டதை எடுத்து உண்பவனை அவன் இகழ்கின்றானே, அந்த உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்குச் சான்றுப் பொருளாகக் கோழியின் அரைவைப்பையை எடுத்துக்கொள்வோம். விழாமலரில் எழுதுவதற்குரிய பொருள்தானா இது என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பைப் பற்றியதே இக்கட்டுரை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பல்லில்லாதவற்றின் பல்

பறவைகளுக்குப் பல் இல்லை. கோழி கொத்தி விழுங்கிய தானியம் முதலில் தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. அடுத்து, சுரப்பிகள் நிறைந்த முன்னிரைப்பையில் செரிமான நீருடன் கலக்கிறது. அதன்பின் தடித்த தசைகளாலான அரைவைப்பையை அடைகிறது. கோழி இரையுடன் விழுங்கிய சிறு கற்களும் மணலும் அங்கே தங்கியிருக்கும். தசைகள் மாறி மாறி இறுக, கற்களுக்கிடையே தானியம் அரைபட்டு மாவாகிறது. கற்களின் உராய்வால் தசை புண்படாதவாறு மஞ்சள் நிறமான தடித்த தோலொன்று உட்புறத்தை மூடியிருக்கும். அது தேயத் தேயப் புதிதாய் வளர்ந்துகொண்டே இருக்கும். சுருங்கச் சொன்னால், கோழி தன் அம்மியைத் தன் வயிற்றிலேயே சுமந்து திரிகிறது.

இதன் ஆற்றல் சிறிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ரேயோமூரும் இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானியும் பறவைகளின் செரிமானத்தை ஆராய்ந்தபோது, வான்கோழிகள் முதலிய பறவைகளை உலோகக் குழாய்களை விழுங்கச் செய்து பார்த்தனர். அரைவைப்பை அக்குழாய்களையும் நசுக்கிவிட்டது. இவ்வுறுப்பு பறவைகளுக்கு மட்டும் உரியதன்று. மண்ணை உண்டு மண்ணைப் பண்படுத்தும் மண்புழுவுக்கு இஃது உண்டு. கரப்பான்பூச்சியின் அரைவைப்பையில் ஆறு பற்களே உள்ளன. முதலை கற்களை விழுங்கித் தசை தடித்த வயிற்றில் வைத்துக்கொள்கிறது. கழிமுகங்களில் சேற்றை மேயும் மடவை மீனின் வயிற்றிலும் இத்தகைய தடித்த பகுதி உண்டு. வாயில் அரைக்க இயலாத உயிர்களுக்கு இயற்கை வயிற்றில் வழிசெய்திருக்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வுறுப்பு உழைக்குந்தோறும் வளர்கிறது. முழுத் தானியத்தையும் புழுபூச்சிகளையும் மேய்ந்து திரியும் கோழிக்கு அரைவைப்பை பருத்து உறுதியாக இருக்கும். பொடித்த தீனியையே உண்டு கூண்டில் வளரும் கோழிக்கு அது சிறுத்து மெலிந்துவிடும். கோழி எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு அவ்வுறுப்பே சான்று கூறும்.

ஒன்றே ஒன்று

நாம் பிறந்து வளர்ந்தது காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். ஆண்டில் நான்கைந்து முறையே வீட்டுக் கோழி அடிபடும். ஒரு கோழிக்கு அரைவைப்பை ஒன்றுதானே. வீட்டிலோ பிள்ளைகள் ஐவர். எங்கள் அப்பாயி அதைக் கையிலெடுத்து அரிவாள்மனையில் நடுவே பிளப்பார். நாங்கள் சுற்றி அமர்ந்திருப்போம். உள்ளே பாதி அரைபட்ட நெல்லும் மணலும் கூழாங்கற்களும் இருக்கும். 'பாத்துக்குங்கடா, காலையில நாம போட்ட நெல்லுதான்' என்பார் அப்பாயி. ஒருமுறை அதனுள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டொன்று, முனை மழுங்கி, வழவழப்பாய்க் கிடந்தது. அஃது எங்கள் தமக்கையின் வளையல், பொங்கலன்று உடைந்தது. தமக்கை அன்று கோழிக்கறி உண்ணவில்லை.

அப்பாயி அந்த மஞ்சள் தோலை உரித்தெறிந்துவிட்டு, உப்பும் மஞ்சளும் இட்டுக் கழுவி, குழம்பில் வெந்தபின் ஐந்து துண்டுகளாக்கி ஐவர் இலையிலும் வைப்பார். விருந்தினர் வந்திருந்தால் ஐவருக்கும் கிடையாது. முழுதும் விருந்தினர் இலைக்கே போகும். அதனை ஒரு சிறப்பாகவே நாங்கள் அறிந்திருந்தோம். கொல்லப்பட்ட கோழியில் இறகும் மஞ்சள் தோலும் குடற்கழிவும் தவிர எதுவும் குப்பைக்குப் போனதாக நினைவில்லை. அப்பாயிக்கு எழுத்தறிவு கிடையாது. எனினும், உயிரை எடுத்தவர் அதை வீணாக்கக் கூடாது என்னும் நெறியை அரிவாள்மனையின் முன்னமர்ந்தே அவர் எங்களுக்குக் கற்பித்தார்.

தலைநகரில் ஒரு தட்டு

2004-ஆம் ஆண்டு மத்திய அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து தலைநகர் வந்தோம். குடியிருப்பை அடுத்த சந்தையில் கோழிக்கடையொன்று உண்டு. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது நெஞ்சுக்கறியும் தொடையும். அரைவைப்பையும் ஈரலும் தனித்தட்டில் குவிந்து கிடக்கும். விலை, இறைச்சியின் விலையில் பாதிக்கும் குறைவு. கடைக்காரர் அரைவைப்பையைப் 'போட்டா' என்பார். ஏட்டு வழக்கில் 'சங்தானா' என்றொரு பெயரும் உண்டு. அதில் வரும் 'சங்' பாரசீகத்தில் கல்லைக் குறிக்கும் சொல். ஆந்திர நண்பர்கள் 'கந்தனகாய்' என்பர். வங்காள நண்பர்கள் ஈரலுடன் சேர்த்துச் சமைத்துக் 'கிலே-மேட்டே' எனப் போற்றி உண்பர். யுனானி மருத்துவரோ, சமையலறையில் நாம் உரித்தெறியும் மஞ்சள் தோலையும் உலர்த்திப் பொடித்துச் செரிமான மருந்தாக்குவர்.

இத்தனை பெயரும் பெருமையும் இருந்தும், எங்கள் குடியிருப்பில் அத்தட்டை நாடி வருவோர் யாவர்? வீட்டுவேலை செய்யும் பெண்டிர், காவலாளிகள், கட்டடத் தொழிலாளர், ரிக்‌ஷா ஓட்டுவோர். அவர்கள் பெரும்பாலும் வரிசை கலைந்தபின் வருவார்கள். நாமோ, ஊரில் ஐந்தில் ஒரு துண்டுக்காகக் காத்திருந்த நாம், அத்தட்டின் பக்கம் திரும்பியதே இல்லை. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. குளிரூட்டிய அறையில் நாற்காலி கிடைத்த சில ஆண்டுகளில், இன்னது நமக்குரியது, இன்னது நமக்குரியதன்று என்னும் கணக்கு நம்முள் தானே எழுதப்பட்டுவிட்டது.

ஒரு நண்பகல் வேளை

2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறியாக வேண்டும். நம் பிரிவில் ஒரு முதியவர் பணியாற்றிவந்தார். கோப்புகளை மேசைக்கு மேசை எடுத்துச் செல்வது அவர் வேலை. ஆறாவது ஊதியக் குழுவிற்குப் பின் நான்காம் நிலை ஊழியர் என்னும் பெயர் போய்ப் பன்முகப் பணியாளர் என்னும் பெயர் வந்திருந்தது. அவர் பெரும்பாலும் தனியே உண்பார். அன்று மழை. படிக்கட்டில் சாரல் அடித்ததால் எங்கள் மேசைக்கு வந்தமர்ந்தார். டப்பாவைத் திறந்தார், ரொட்டியும், வெங்காயமிட்டுச் சுண்ட வறுத்த போட்டாவும். மணம் நம்மை அரைநொடியில் அப்பாயியின் அடுப்படிக்கு இட்டுச் சென்றது.

'பாபுஜி, நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்' என இந்தியில் கூறி டப்பாவை நம் பக்கம் நகர்த்தினார். அதற்குள் அருகிலிருந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இதையெல்லாம் நாய்க்கல்லவா போடுவார்கள்' என்றார். நகைப்பொலி எழுந்தது. அவ்வாறு சொன்னவர் புலால் உண்ணாதவர் அல்லர். அவர் டப்பாவில் இருந்ததும் கோழியே. நாம் நகைக்கவில்லை. அதனினும் இழிந்த ஒன்றைச் செய்தோம். 'நாங்கள் இதெல்லாம் உண்பதில்லை' என்றோம்.

அது பொய். முதியவர் ஒன்றும் பேசாமல் டப்பாவை மூடினார். மறுநாள் முதல் மழை பெய்தாலும் படிக்கட்டிலேயே அமர்ந்து உண்டார். அவருடைய பணிப்பெயர் உயர்ந்திருந்தது. அமரும் இடம் உயரவில்லை. அதற்கு ஊதியக் குழு பொறுப்பன்று. எங்கள் மேசையே பொறுப்பு.

எழுத்தர் போட்ட கணக்கு

நாம் நாள்தோறும் கணக்கோடு பழகுபவர். ஆதலால் இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள கறிக்கோழியில் தூய்மைசெய்த அரைவைப்பை 30 அல்லது 40 கிராம் தேறும். எனவே ஒரு கிலோ அரைவைப்பைக்கு 25 முதல் 33 கோழிகள் வேண்டும். கால் கிலோ வாங்கிச் செல்லும் ஏழைத்தாய் ஏழெட்டுக் கோழிகளின் உடலிலிருந்து தன் குடும்பத்திற்கு உணவு பெறுகிறாள். அவ்வேழெட்டில் அவள்பொருட்டு வெட்டப்பட்டவை எத்தனை? ஒன்றுமில்லை எனலாம். அவை நெஞ்சையும் தொடையையும் விரும்பிய நம்மைப் போன்றோருக்காக வெட்டப்பட்டவை. நாம் கேட்காதிருந்தால் அத்தட்டில் ஒன்றுமே இருந்திராது.

இதற்கு மறுப்பும் கூறலாம். தட்டிலுள்ளதை வாங்குபவளும் கடைக்காரருக்கு வருவாய் தருகின்றாள். ஆகவே கொலையின் பயனில் அவளுக்கும் பங்குண்டு அன்றோ? உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாளொன்றுக்கு எத்தனை கோழிகள் வெட்டப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்வது தட்டின் விற்பனையன்று, தராசின் விற்பனையே. கொலையின் பெரும்பங்கு நம்முடையது. இகழ்ச்சியின் முழுப்பங்கு அவளுடையது. இக்கணக்கு எந்தத் தணிக்கையிலும் தேறாது.

2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வளர்க்கப்பட்ட கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் ஏறத்தாழ 85 கோடி. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். சமைக்காத அரைவைப்பை 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 17 அல்லது 18 கிராம், கொழுப்பு 2 கிராம். இரும்புச்சத்தும் துத்தநாகமும் உண்டு. அது எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவரவில்லை. அதே 100 கிராமில் கொலஸ்டிரால் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. மூட்டுகளில் யூரிக் அமிலம் சேரும் நோயுடையோர் அளவறிந்தே உண்ண வேண்டும். நன்கு தூய்மைசெய்து, நெடுநேரம் வேகவைக்காவிடில் அது மெல்லவும் இயலாது, நலத்திற்கும் ஆகாது. எனினும், சோகையுற்ற தாய்மார் நிறைந்த நாட்டில், எளிய விலையில் கிடைக்கும் ஓர் உணவின்மீது நாணத்தைப் பூசி, அதை வாங்குபவளைக் கடையின் ஓரத்தில் நிற்கவைப்பது சிறிய குற்றமன்று.

அருவருப்பின் வேர்

இவ்வருவருப்பு இயற்கையானது என்பர் சிலர். இயற்கையாயின் எங்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே கோழியின் அரைவைப்பை குடும்பத் தலைவருக்கே உரிய மதிப்புப் பங்கு. யப்பானியர் 'சுனகிமோ', அதாவது மணலீரல், எனப் பெயரிட்டுக் கழியில் கோத்துச் சுட்டு உண்கின்றனர். பிரான்சின் தென்மேற்கில் வாத்தின் அரைவைப்பையை வாத்தின் கொழுப்பிலேயே மெல்லச் சமைத்து விருந்தில் பரிமாறுகின்றனர். அங்கெல்லாம் சிறப்பாயிருப்பது நம் மேசையில் இழிவானது எதனால்? இறைச்சி மாறவில்லை, அதை உண்பவர் யார் என்பதே மாறியிருக்கிறது. உண்பவன் ஏழையாயின் உணவு இழிவாகிறது. பின்னர் அவ்விழிவையே காட்டி அவனை மேலும் ஒதுக்குகிறோம். உணவைக் காட்டி மனிதரைத் தீண்டாமைக்குள் தள்ளியது இந்நாட்டின் நெடுநாள் வரலாறு. தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948-இல் அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட நூலிலும் உணவே முதன்மையான இடம் பெறுகிறது. நம் மேசையில் மூக்கைப் பொத்திய கை அந்நெடிய வரலாற்றின் ஒரு சிறு விரல்.

இன்னுமொரு வேரும் உண்டு. எலும்பு நீக்கி, தோல் நீக்கி, வெள்ளைவெளேரெனப் பொட்டலத்தில் வரும் நெஞ்சுக்கறி எந்த உயிரையும் நினைவூட்டுவதில்லை. அரைவைப்பையோ அவ்வாறன்று. அது காலையில் கொத்திய தானியத்தைச் சொல்லும். விழுங்கிய கல்லைச் சொல்லும். இது பசித்தது, மேய்ந்தது, உயிரோடிருந்தது எனக் கூறும். அதைக் காண அஞ்சுகிறோம். ஆகவே கண்காணாமல் எறிகிறோம். எறிந்ததைத் தூய்மை எனவும் நாகரிகம் எனவும் அழைத்துக்கொள்கிறோம். வளையல் துண்டைக் கண்டு அன்று உண்ணாதிருந்த எம் தமக்கை உண்மையை நேரே கண்டார். கண்டு, ஒரு வேளையேனும் கைவிட்டார். அப்பாயியும் அதே உண்மையைக் கண்டார். கண்டு, எதையும் வீணாக்காமல் சமைத்தார். இருவரையும் நாம் வணங்குகிறோம். காணாமலே உண்டு, கண்டவரை எள்ளும் மூன்றாம் நிலைக்கே நம்மிடம் சமாதானம் ஒன்றுமில்லை.

புலாலை முற்றும் துறந்த சான்றோர் இவற்றையெல்லாம் கேட்டு, 'முழுதும் விட்டுவிடுங்கள், வினாவே எழாது' எனலாம். அது நேரிய விடை. அவர்கள் நெஞ்சையும் தொடையையும் அரைவைப்பையையும் ஒருங்கே மறுப்பவர். உறுப்புக்கு உறுப்பு உயர்வு தாழ்வு கற்பிப்பவர் அல்லர். ஆனால் விட இயலாத நம்மைப் போன்றோருக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. உண்பதாயின், எடுத்த உயிரை முழுதாக ஏற்க வேண்டும். நமக்குச் சுவைக்காத பகுதியை விடலாம்; சுவை அவரவர் உரிமை. விட்டதை எடுத்து உண்பவரைத் தாழ்வாக நோக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை. அவர் நம் கொலையின் வீண்செலவைக் குறைப்பவர். கணக்குப்படி நாமே அவருக்குக் கடன்பட்டவர்.

முதியவர் 2019-இல் ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவிற்கு வாழ்த்துரை எழுதும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய காலந்தவறாமையையும் பணிவையும் நல்ல நடையில் புகழ்ந்து எழுதினோம். எல்லாரும் கைதட்டினர். மழைநாளில் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வரி எழுதத் துணிவு வரவில்லை. விழா முடிந்ததும் அவர் நம் கையைப் பற்றி, 'பாபுஜி, நன்றாக எழுதியிருந்தீர்கள்' என்றார். பின்னர் மாலையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, தாம் நாள்தோறும் உண்ட படிக்கட்டின் வழியே இறங்கிப் போனார். அதன்பின் அவரைக் காணவில்லை.

இப்பொழுதெல்லாம் கோழிக்கடைக்குச் சென்றால் அத்தட்டிலிருந்தும் வாங்குகிறோம். வரிசை கலையும்வரை காத்திராமல், எல்லார் முன்னிலையிலும் கேட்டு வாங்குகிறோம். அதனால் பெரிய அறம் எதுவும் செய்துவிட்டதாக எண்ணவில்லை. வீட்டில் பிளந்து தோலுரிக்கும்போது பிள்ளைகளை அருகழைத்துக் காட்டுகிறோம். கூண்டுக் கோழியாதலால் உள்ளே நெல்லும் இல்லை, கல்லும் இல்லை. மாவுத்தீனி மட்டுமே ஒட்டியிருக்கும். பிள்ளைகள் உண்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஆனால் பிறர் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தலாகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லி வளர்க்கிறோம். அந்த முதியவருக்குச் சேர வேண்டிய வரியை, காலங்கடந்தேனும், இம்மலரின் பக்கங்களில் எழுதிவைக்கிறோம்: அன்று நாம் சொன்னது பொய், நாங்களும் உண்பவர்களே.